கயல் தேர்வில் தோற்றாள்

நான்காம் வகுப்பில் வேதவல்லி டீச்சர் மூன்று வாக்கியங்களைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னாள். எழில்மதி நோட்டை நீட்டினாள்: “கயல் தேர்வில் தோற்றாள். கயல் பாடம் படித்தாள். கயல் தேர்வு எழுதினாள்.”

“ஏன்டி, தோத்தது எப்படி முதல்ல வரும்?”

“எனக்கு வந்துச்சே, மிஸ். வருஷக் கடைசியில யார் பாஸ், யார் ஃபெயில்னு முன்கூட்டியே சொல்ற கம்ப்யூட்டர், ஸ்கூல் திறந்த அன்னிக்கே எனக்கு ஃபெயில்னு ரிசல்ட் கொடுத்திருச்சு. பாடம் இப்பத்தான் நடத்துறீங்க. பரீட்சை ஏப்ரல்ல.”

“அப்புறம் எதுக்குடி தினமும் வர்ற?”

“நீங்க வர்றீங்களே.”

வகுப்பு சிரித்தது. வேதவல்லி நோட்டை வாங்கினாள். கம்ப்யூட்டர் கொடுத்த முடிவு இதுவரை பொய்த்ததில்லை. அந்த வரிசைக்கே சிவப்புப் பேனாவால் சரி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

எழில்மதி நோட்டைப் பார்த்தாள். அதுவரை வாயாடிக்கொண்டிருந்தவளின் உதடு துடித்தது.

“தப்புன்னு போடுவீங்கன்னு நெனச்சேன், மிஸ்.”