வாயால் சொல்

கேள்வி அவனைப் பார்த்துத்தான் வந்தது.

"இது உங்க கண்டுபிடிப்புதானே?"

மேடையில் பெட்டிக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் அவூர். நடுவில் மீன் உலர்த்தும் பெட்டி. கேட்டவர் வெளிநாட்டு முதலீட்டாளர். நைரோபியின் அந்த ஓட்டல் அரங்கில் காலையிலிருந்து பதினோரு கண்டுபிடிப்புகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவூர் மேல் அவர் பார்வை ஒரு கணம்தான் நின்றது. பெட்டியைத் துடைக்க வந்தவள் என்று நினைத்திருக்கலாம்.

அவன் தலை அசைந்தது.

மேலும் கீழுமாக அல்ல. இடமும் வலமுமாகவும் அல்ல. உடுமலைப்பேட்டையில் அசைக்கிற மாதிரி, ஒரு தோள் பக்கமும் மறு தோள் பக்கமும் லேசாகச் சாய்ந்து.

அந்த அசைவுக்கு ஆமாம் என்று பொருள் உண்டு. சரி, பார்க்கலாம் என்றும் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்றும் உண்டு.

கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் ஆட்டினேன்.

இது அவன் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

முதலீட்டாளர் கையை நீட்டிவிட்டார். அரங்கம் கைதட்டியது.

ஒரு வாக்கியம் போதும். நான் தகரம் வெட்டியவன், யோசனை இவருடையது. ஆங்கிலத்தில் இன்னும் சின்ன வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது.

நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இந்த நாட்டுக்கு வந்து அவன் வேலை பார்த்த சர்க்கரை ஆலை மூடியபோது, விக்டோரியா ஏரிக்கரையில் தன் பட்டறையில் அவனுக்கு வேலை கொடுத்தவள் அவூர். மழையில் அழுகிய மீனைக் கூடை கூடையாக ஏரியிலேயே திருப்பிக் கொட்டியவள். எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து, அடியில் விசிறி வைத்து, முழங்கை வரை சுட்டுக்கொண்டவள். அவன் வந்து சேர்ந்தபோது அந்தப் பீப்பாயில் மீன் காய்ந்துகொண்டிருந்தது.

"காத்து ஏன் கீழேயிருந்து வருது?" என்றார் முதலீட்டாளர்.

அவன் சொன்னான். மேலேயிருந்து ஊதினால் ஈரம் திரும்பவும் மீன் மேலேயே உட்காரும் என்று சொன்னான். அவூர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே சொற்கள். அழுகிய கூடைகளையும் சொன்னான்.

நான் என்று சொன்னான்.

அவூர் ஏதோ பேசினாள். உதடு அசைந்தது தெரிந்தது.

மைக் அவன் கையில் இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் வண்டியருகே பெட்டியை இறக்கினார்கள்.

"பட்டறைக்கு வந்த புதுசுல, உன் தலையாட்டல் ஆமாவா இல்லையான்னு புரியாம எத்தனை தகரம் வீணாப் போச்சு, ஃபுண்டி!"

அவள் ஊரில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இந்த மனுஷனைப் பாரு. ஒரே ஆட்டல்ல புரிஞ்சுக்கிட்டாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"திங்கக்கிழமை அவர்கிட்ட நானே பேசி…"

"திங்கக்கிழமை இருக்கட்டும். இப்ப வாயால சொல்லு. அது ஆமாவா, இல்லையா?"

ஒரு கார் பின்னால் நகர்ந்து, திரும்பி, வெளியே போகும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு மண்டியிட்டு, பெட்டியின் அடியிலிருந்த விசிறியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அந்த விசிறி எந்தக் கடையிலும் கிடைக்கும். பெட்டியின் வரைபடம் முழுவதும் அவன் கையால் போட்டது. இரண்டும் அவளுக்குத் தெரியும்.

கழற்றினாள்.

திருகு உருண்டுவிடக் கூடாது என்று பட்டறையில் செய்வதுபோல அவன் உள்ளங்கையை நீட்டினான். அவளும் பழக்கத்தில் ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அரங்கத்தின் வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். புகைப்படம் எடுக்க வேண்டுமாம்.

"ஃபவுண்டர் எங்கே?"

இருவரும் திரும்பினார்கள்.

அவன்தான் முதலில்.