நாலு வார்த்தை

"பெட்ரோல்?"

"திறந்தாச்சு."

"சுவிட்ச்?"

"ஆஃப்."

மெக்கானிக் விமானத்தின் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றி வைத்தார். பிறகு, ஆன் என்று அவர் குரல் கொடுக்க, ஆன் என்று அவளும் உள்ளிருந்து சொன்னாள். ஓங்கி இழுத்துவிட்டார். எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

இங்கிலாந்தில் செய்த பழைய பயிற்சி விமானம். துணி போர்த்திய இரட்டை இறக்கை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை, இரண்டுக்கும் கூரை கிடையாது. சாவி போட்டால் கிளம்புகிற வண்டி அல்ல. ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே நின்று மூக்கிலிருக்கும் மர விசிறியைச் சுற்ற வேண்டும். பெட்ரோல் குழாயும் சுவிட்சும் உள்ளிருப்பவர் கையில். சுவிட்ச் ஆஃப் என்று உள்ளிருப்பவர் சொன்னது பொய்யானால், வெளியே நிற்பவருக்குக் கை போய்விடும். அதனால் ஜென்மப் பகையாளிகளாக இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டுப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இவர்கள் பகையாளிகள் அல்ல, கணவன் மனைவி. அவர் விமானப் பயிற்சி கிளப்பின் மெக்கானிக். அவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரே மகனைக் காய்ச்சலில் பறிகொடுத்தபோது, ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே ஏன் போகவில்லை என்று ஒருவரையொருவர் ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டார்கள். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. அவர் சட்டைக்கு அவள் பித்தான் தைத்து வைத்தாள். அவள் சைக்கிளுக்கு அவர் காற்றடித்து வைத்தார். அவ்வளவுதான்.

இன்று அவள் இந்த விமானத்தை வேறோர் ஊர் கிளப்புக்கு ஓட்டிப் போகிறாள். இனி வேலையும் அங்கேதான். தங்கல் அக்கா வீட்டில். துணிப்பெட்டியை முன் இருக்கையில் வைத்துக் கட்டியாயிற்று. போகாதே என்று அவர் சொல்லவில்லை. போகட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

மறுபடியும் பெட்ரோல், மறுபடியும் சுவிட்ச். கேள்வி, பதில், இழுப்பு. எஞ்சின் கல்லாட்டம் கிடந்தது.

கிளப் செயலாளர் குடையோடு வந்து, வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம் என்று மெக்கானிக் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"வண்டிக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனசில்ல போலிருக்கும்மா," என்று அவளிடம் சிரித்துவிட்டுச் செயலாளர் நிழலுக்கு நகர்ந்தார்.

வெயில் ஏறியது. அவருடைய வலது தோள் துவண்டு இறங்குவதை அவள் பார்த்தாள். எப்போதும் வலிக்கிற தோள். இந்த முறை அவர் இடக்கையால் விசிறியைப் பிடித்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"இருங்க," என்றாள். "இப்பத்தான் பெட்ரோல் திறந்தேன். இவ்வளவு நேரமும் மூடித்தான் வெச்சிருந்தேன். வீட்டுலதான் இல்ல, இங்கயாவது நீங்க ஒண்ணு கேட்டு நான் ஒண்ணு சொல்லிக்கிட்டு இருக்கலாமேன்னு... கோவிச்சுக்காதீங்க."

அவர் விசிறியை விட்டுவிட்டு அவள் பக்கமாக நடந்து வந்தார். இருக்கையின் விளிம்பில் கை வைத்தார்.

"திறந்திருந்தா எஞ்சினுக்கு அடியில சொட்டுமே. முதல் சுத்துலயே தெரியும் எனக்கு," என்றார். "மூடிடும்மா."