பெருச்சாளி இளைத்த கதை

அரிசிக் கிடங்குச் சுவரில் இருந்தது ஒரே ஓட்டை. அதில் பெருச்சாளியின் தொந்தி மாட்டிக்கொண்டது. அணில்தான் வெளியே இருந்து இழுத்துப்போட்டது.

"அண்ணே, பாதி வயிறு சாப்பிடுங்க. அரிசியை விட்டுட்டுத் தினைக்கு மாறுங்க. தினமும் கிடங்கைச் சுத்தி ஓடுங்க."

பெருச்சாளி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. வயிறு முட்ட அரிசி தின்றது. பிறகு, இளைப்பதற்காகத் தினையும் தின்றது. அரிசி மூட்டையிலிருந்து தினை மூட்டைக்கு நடந்ததுதான் உடற்பயிற்சி.

பத்தே நாளில் மறுபடியும் மாட்டியது.

"நம்ம உடல்வாகு அப்படி. பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஊதுது" என்று அலுத்துக்கொண்ட பெருச்சாளி, மறுநாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டையைச் சுற்றிக் கொறித்து அகலமாக்கியது. அப்புறம் சர்ரென்று உள்ளே போய் வெளியே வந்து காட்டியது.

"பார்த்தியா தம்பி, எப்படி இளைச்சிட்டேன்!"

அணில் ஓட்டையை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மரத்தில் ஏறிக்கொண்டது.

மாலையில் பெருச்சாளி அரிசியை முடித்துத் தினைக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஓட்டை வழியாக ஒரு பூனை வந்தது. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"வாசலை அகலமாக்கின புண்ணியவான் நீதானா?" என்றது பூனை. "உள்ளே நுழைய முடியாம ரெண்டு மாசமா பத்தியம். இன்னையோட முடிஞ்சுது."