நான்காம் எண்

நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினால் நாற்பத்து மூன்று வந்தது.

நடுவில் ஒரு தாள் இல்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் இது நடக்கவே முடியாத காரியம். குறிப்பேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரு கோடு அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திடலாம். தாளை மட்டும் கிழிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே அதன் தலைவியான அவள்தான். ஒரு மூலையைக் கிழித்ததற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இன்று பெரிய பெரிய பேராசிரியர்கள்.

அவள் மகள் போய் ஐந்து வாரம். பேருந்தைப் பிடிக்க ஓடியவள் படியில் கால் வைக்கும் முன்பே விழுந்தாள். இருபத்தொரு வயது.

இளம் இதயங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடும் அந்த நோயைத்தான் அம்மா ஆயுள் முழுக்க ஆராய்ந்தாள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. கண்டுபிடித்தவளை உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிழை இருப்பது தெரிந்தால் போதும். தினம் ஒரு மாத்திரை, ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

பதினைந்து வருடத்துக்கு முன், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பிள்ளைகளின் ரத்தம் தேவைப்பட்டது. வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். ஆறு வயது மகளும் வந்தாள். ஊசிக்கு அழவில்லை. உதவியாளர் ஒரு கையுறையை ஊதிப் பலூனாக்கிக் கொடுத்தார். அது வெடித்தபோதுதான் அழுதாள்.

எட்டுச் சோதனைக் குழாய்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்று உதவியாளர் அடுத்த தாளில் எழுதி, மடித்து ஒட்டிவைத்தார். முடிவு வரும்வரை அம்மா அதைப் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகு பார்க்கத் தோன்றவில்லை.

நான்காம் எண்ணில் பிழை தெரிந்தது.

நல்ல பிள்ளைக்கு அது எப்படி வரும்? உதவியாளர் கையுறை மாற்றாமல் நோயாளியின் ரத்தத்தைக் கலந்துவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் அவரைக் காய்ச்சி எடுத்தாள். அவர் மறுத்துப் பேசவில்லை. வேறொரு பிள்ளையின் ரத்தம் வந்தது. கட்டுரையும் வெளிவந்தது.

நாற்பதாம் பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து: ‘எண் நான்கு. கலப்பு. உதவியாளரின் கவனக்குறைவு. கொட்டிவிடவும்.’

நேற்றுத் தொலைபேசியில் இந்தக் குறிப்பேட்டைக் கேட்டிருந்தாள். இன்று காலை மேசை மேல் தயாராக இருந்தது. எடுத்துவைத்த அதே உதவியாளர் தொட்டியருகே நின்று, கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பூச்சி அரிச்சிருந்துதும்மா. நான்தான் எடுத்துப் போட்டுட்டேன்,” என்றார், முகத்தைக் காட்டாமல்.

அவள் தையலோரத்தை விரலால் தடவினாள். பூச்சி இல்லை, பொத்தல் இல்லை. அளவுகோல் வைத்துக் கிழித்த விளிம்பு. அவர் கை எப்போதுமே அப்படித்தான், ஒரு பிசிறு இருக்காது.

வேறு யார் பிள்ளையாக இருந்திருந்தாலும் அவர் அந்தத் தாளைத் தொட்டிருக்க மாட்டார்.

“அண்ணே, அன்னைக்கு நீங்க கையுறை மாத்தினீங்கதானே?”

அவர் தண்ணீரை நிறுத்தினார். திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

அவள் பேனாவைத் திறந்தாள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டாள்.

‘உதவியாளரின்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு அடித்தாள். ‘கவனக்குறைவு’ என்பதை அப்படியே விட்டாள்.

பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, கையெழுத்திட்டாள்.