சாம்பேக்குத் தூக்கம் வரவில்லை

“ஆளைப் பார்க்காம தூக்க மாத்திரை எழுதித் தரமாட்டேன், அம்மா” என்றாள் டாக்டர் ரெத்னோ. ஜகார்த்தாவிலிருந்து தோராஜா மலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. கண்டிப்பு இன்னும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

“பழைய டாக்டர் எனக்குன்னுதான் தந்தாரு. நான் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். அடிச்சுப் போட்டாப்ல தூங்கினாரு. மாத்திரை தீர்ந்து மூணு வாரமாச்சு. இப்ப ராத்திரி பூரா புரள்றாரு” என்றாள் தாமரிஸ்.

“உங்க மாத்திரையை அவருக்கா? நல்ல கூத்து! பழக்கப்படுத்திட்டுத் திடீர்னு நிறுத்தினா இருக்கிற தூக்கமும் போயிடும். கைகால் நடுங்கும்.”

“நடுங்குதே! கட்டில் ஆடுற சத்தத்துல நானும் தூங்குறதில்லை.”

தாமரிஸ் அழுதேவிட்டாள். மகன் மார்த்தேன் பப்புவாவில் சுரங்க வேலையில் இருக்கிறான். ஆகஸ்டில்தான் அவனுக்கு விடுமுறை. அதுவரை இந்த மனுஷன் எழுந்து நடமாடாமல் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு கவலைதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

ரெத்னோவுக்கு மனம் இளகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு அவளுடனேயே கிளம்பினாள்.

தெற்கு அறையில் சன்னல் சாத்தியிருந்தது. சாம்பே கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். தலைமாட்டில் ஆறிப்போன காப்பியும் ஒரு தட்டு சோறும் இருந்தன.

“டாக்டரம்மா வந்திருக்காங்க. நீங்க எழுந்திரிக்க வேணாம்” என்றாள் தாமரிஸ், அவர் காதருகே.

“சாப்பிடறாரா?”

“மூணு வேளையும் வைக்கிறேன். சோறு இறங்கலை. வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.”

ரெத்னோ போர்வைக்குள் இடது கையை விட்டு நாடியைத் தேடினாள். வலது கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

“அம்மா... உடம்பு விறைச்சுக் கிடக்கு... இவரு எப்போ...”

“மெதுவா பேசுங்க! காதுல விழுந்தா வருத்தப்படுவாரு. மூச்சு நின்னு ஏழு மாசமாச்சு. ஆனா மகன் வந்து, எருமை வெட்டி, அடக்கம் பண்ற வரைக்கும் எங்க ஊர்ல அவரு உடம்பு சரியில்லாதவருதான். செத்தவர்னு யாரும் சொல்லமாட்டோம்.”

ரெத்னோ வலது கையால் பையைத் துழாவி, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

அவளுடைய இடது கையைச் சாம்பே இன்னும் விடவில்லை.