பெரிய மனிதரின் கணக்கு

"என்னங்க, இதுல ஒரு கையெழுத்து வேணும். படிச்சுப் பாத்துப் போடுங்க."

"படிக்கிறதா? இரும்புக் கடையில நாப்பது வருசம் கையெழுத்துப் போட்டவன் நான். பெரிய மனுசன் படிக்க மாட்டான் தனம், போடுவான்."

ஆவுடையப்பன் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவைச் சுழற்றிப் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்தார்.

தனலட்சுமி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முட்டி தேய்ந்து இரண்டு வருடமாகிறது. விராலிமலைப் படியேறி முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போதைக்கு வாசல்படியே பெரும்பாடு.

"ஆபரேஷன் எப்பங்க?"

"இன்னைக்குத்தான் பேங்குக்குப் போறேன்ல. பென்ஷன் திட்டத்துல நான் கட்டி, அறுபது வயசுல வந்த பதினஞ்சு லட்சத்துல கை வைக்கப்படாது. அதோட வட்டியில ஒன் முட்டியைச் செஞ்சுபுடலாம். பணத்தைத் தூங்க விடவே கூடாது, தெரியுமா?"

தெரியாமல் என்ன? திருமயம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பன் தின்ன வருகிறவனுக்குக்கூடத் தெரியும். கடையை மூடிய பிறகு இந்த உபதேசம்தான் அவருக்கு வியாபாரம்.

வங்கியில் கார்த்திகா என்ற அதிகாரி கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினாள். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான்.

"சார், இது கடைக்கு வச்சிருந்த கரண்ட் அக்கவுண்ட்டாச்சே. இதுல போட்டா வட்டி வராது."

"கொறைவா வருமா?"

"ஒரு பைசா வராது சார். பென்ஷன் பணம் வந்தப்ப, சேவிங்ஸ்ல போடுங்கன்னு யாரும் சொல்லலையா?"

சொன்னார்கள். 'அது மாசச் சம்பளக்காரன் வச்சிக்கிறது. நமக்குக் கரண்ட் அக்கவுண்ட்டுதான் மரியாதை' என்று மேஜையைத் தட்டிச் சொன்னவர் இவர்தான்.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் சட்டை நனைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற தனலட்சுமி கண்ணுக்குள் வந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். அறுபத்திரண்டு வயதில் அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. "ரெண்டு வருசமா அவ வலியோட கெடந்தது என் வெட்டிப் பெருமையால. போகட்டும், அசல்லேருந்தே எடுத்துக் குடு."

கார்த்திகா திரையை உற்றுப் பார்த்தாள். "சார், இந்தக் கணக்குல இருபத்தஞ்சாயிரந்தான் இருக்கு."

ஆவுடையப்பன் திரைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "மிச்சம்?"

"டெபாசிட்ல இருக்கு. இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல இருக்கறதைத் தானா டெபாசிட்டுக்கு மாத்தச் சொல்லி, பணம் வந்த மறுவாரமே எழுதிக் குடுத்திருக்கீங்களே. வட்டி மட்டும் ரெண்டு லட்சத்தைத் தாண்டிருச்சு."

"நானா எழுதிக் குடுத்தேன்?"

அவள் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். அடியில் அவருடைய சுழி, இரண்டு கோடு, இரண்டு புள்ளி. மேலே குண்டு குண்டாய் நிரப்பியிருந்தது, மளிகைச் சாமான் பட்டியலில் அவர் தினமும் பார்க்கிற எழுத்து.

வாசலுக்கு வந்து, வீட்டுக்குப் போன் போட்டார்.

"தனம், ரெண்டு வருசம் முன்னாடி நீ நீட்டின தாளு..."

"படிச்சுப் பாருங்கன்னுதாங்க சொன்னேன். வட்டி ரெண்டு லட்சம் சேரட்டும்னுதான் இத்தன நாளும் பொறுத்துக்கிட்டேன்."

அவருக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப... காலையில நான் போட்டது?"

"ஆஸ்பத்திரித் தாளுங்க. திங்கக்கெழம ஆபரேஷன். கூடவே இருந்து ஆறு வாரம் பாத்துக்கிற ஆளு நீங்கதான்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வெரசா வாங்க, ரசம் வைக்கச் சொல்லித் தாரேன்."