கொஞ்ச விடாத சாச்சி

"பிள்ளையத் தாங்க ராத்தா!"

நஸ்லின் சாச்சி கேட்டதோடு நிற்கவில்லை, பறித்தேவிட்டாள். பஸ்னாவின் உம்மாவின் உதடு பேரனின் கன்னத்தைத் தொடப்போன நேரம்.

பிள்ளை பார்க்க நிந்தவூரிலிருந்து வந்திருந்த பஸ்னாவின் மாமி, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னகா இது? பேரனக் கொஞ்சுறதுக்கும் தங்கச்சிக்கிட்ட டோக்கன் எடுக்கணுமா?"

உம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த பஸ்னாவுக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ வருசம் காத்திருந்து பெற்ற பிள்ளை.

"நேத்தும் இப்படித்தான் சாச்சி. உம்மா குனிஞ்சாப் போதும், ஓடி வந்து பறிக்கிறீங்க. உங்களுக்குப் பிள்ளை இல்லாட்டி நாங்க என்ன செய்ற?"

சொன்ன பிறகு பஸ்னாவே திடுக்கிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை.

"நாளையிலிருந்து இஞ்ச வராதீங்க."

சாச்சி பிள்ளையைத் தாயின் மடியில் கிடத்தி, துணியைச் சரிசெய்தாள்.

கண்டியில் வைரஸ் ஆய்வு செய்யும் பஸ்னாவின் தங்கை ஸம்றா அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்து, பையோடு வாசலில் நின்றாள். உம்மாவின் உதட்டோரத்தில் நீர்கோத்திருந்த சின்னக் கொப்புளம் அவள் கண்ணில் பட்டது.

ஆய்வுகூடத்தில் அவள் தினமும் பார்க்கும் வைரஸ் அது. பெரியவர்களுக்கு வெறும் கொப்புளம். பிறந்த பிள்ளைக்கு உயிராபத்து.

"ராத்தா, சாச்சி செய்தது சரி. உம்மாட..."

"வாயை மூடு!" சாச்சி சீறினாள். "எனக்காக ஒருத்தரும் கதைக்கத் தேவல்ல."

சொன்ன வேகத்திலேயே பக்கத்து வளவுக்கு, தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பொறாமைதான் பெரிசு எண்டு பார்த்தா, வாய் அதைவிடப் பெரிசு," என்றாள் மாமி.

ஸம்றா பஸ்னாவின் காதருகே குனிந்தாள். "நான் வாற வரைக்கும் பிள்ளைய மடியிலேயே வச்சிருங்க ராத்தா. ஒருத்தர்க்கிட்டயும் குடுக்காதீங்க."

ஸம்றா போனபோது சாச்சி தன் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிதானே பறிச்சீங்க சாச்சி?"

"ஓம். நீதானே போன நோன்புக்குச் சொன்னாய்."

ஸம்றாவுக்கு நினைவு வந்தது. என்ன படிக்கிறாய் என்று வீட்டில் விளக்கமாகக் கேட்டது சாச்சி மட்டும்தான். நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே கேட்டாள்.

அந்த வைரஸ் நரம்புக்குள் வருசக்கணக்காகத் தூங்கும், நித்திரை கெட்டால், காய்ச்சல் வந்தால் விழிக்கும் என்று ஸம்றா சொன்னாள். அதன் புரதம் ஒன்று தனியாக நின்று பெரிதாக எதுவும் செய்யாது. இன்னொரு புரதத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் தூங்கும் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலையைத் தொடங்கும், ஒரு வைரஸ் ஆயிரமாகும். அந்த இரண்டையும் ஒட்டவிடாமல் தடுக்க முடியுமா என்பதுதான் அவள் தேடுவது.

"அப்ப கலியாணம் குழப்புறதுக்குத்தான் கண்டிக்குப் போய்ப் படிக்கிறாய்," என்று சாச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "இது கொஞ்சினா ஒட்டுமா? பிறந்த பிள்ளைக்கு வந்தா?"

ஸம்றா பதில் சொன்னாள். சாச்சி அகப்பையை வைத்துவிட்டுத் தொழப் போனாள். அசர் பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது.

"அதை எல்லாருக்கும் சொல்லியிருக்கலாமே சாச்சி! ராத்தா உங்கட கையப் பிடிச்சு அழுதிருப்பா. இப்ப வரவேணாம் எண்டுட்டா."

"நான் வராட்டி என்ன, நீ வந்துட்டாய்தானே. கொப்புளம் காயிற வரைக்கும் இனி நீ பறி. பொல்லாதவள் பட்டம் உனக்கும் கிடைக்கட்டும்."

"உம்மாக்கிட்டயாவது சொல்றன்."

"அவக்கிட்டச் சொல்லவே படாது!" ஈரக் கையால் சாச்சி அவளை இறுகப் பிடித்தாள். "கொப்புளம் எண்டு வாய் திறந்தா, அவ அடி வரைக்கும் தோண்டுவா."

"தோண்டினா என்ன?"

சாச்சி பிடியை விட்டாள். அவளுக்கு ஒரு மகன் பிறந்து, அந்த மாதமே காய்ச்சலில் மௌத்தாகி மண்ணுக்குப் போனது ஸம்றா பிறக்குமுன் நடந்த கதை. வீட்டில் யாரும் அதை எடுப்பதில்லை. இன்று சாச்சியே எடுத்தாள்.

"என்ட பாலிலதான் பிழை எண்டு ஊரெல்லாம் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிக்கிட்டிருந்தன். நீ சொன்ன அண்டைக்குத்தான் மனே அந்தப் பாரம் இறங்கினது. உனக்கு நான் கேக்காத துஆ இல்ல. இறக்கின பாரத்தத் தூக்கி இன்னொராள்ர தலையில வைக்க ஏலுமா?"

"யார்ர தலையில?"

மதிலுக்கு அந்தப் பக்கம் உம்மாவின் குரல் கேட்டது. "நஸ்லின்! கோவத்துல தின்னாமக் கிடக்காதகா. மீன் ஆணம் அனுப்புறன்."

"அனுப்புங்க ராத்தா!" என்று இங்கிருந்தே சத்தமாகச் சொன்ன சாச்சி, ஸம்றாவிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ட மகன முதல்ல கொஞ்சினது அவதான் மனே. அண்டைக்கும் அவட உதட்டுல கொப்புளம் இருந்தது."